தஞ்சாவூரில் பழைய ரிம் வாங்க ஒரு கடை

ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திக்கொள்வதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகு, என்னைப் போல் பழைய ஃபோர்டு ஃபிகோ காரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சில சாமான்களுக்குப் பழைய கடைகளையே நாட வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் லாரிகள் ஓடி உடைந்த கிளைச் சாலைப் பள்ளங்களில் என் வண்டியின் ரிம்கள் (டயர் மாட்டும் உலோகச் சக்கரங்கள்) வளைந்துபோனதால், தஞ்சாவூர்–திருச்சி சாலையில் வல்லத்துக்குச் சற்று முன்பாக இருக்கும் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனேன். ஊரார் இதைக் காயலான் கடை என்றே சொல்கிறார்கள். ஆனால் உள்ளே ரிம்கள் அளவுவாரியாக அடுக்கப்பட்டு, எந்த வண்டியில் கழற்றியது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த ஒழுங்கு ஏன் முக்கியம் என்பது ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்விஃப்ட், சான்ட்ரோ போன்ற வண்டிகளில் எதிரெதிர் போல்ட் துளைகளின் மையங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் தூரம்; ஃபிகோ, ஃபியஸ்டா, ஐகான் ஆகியவற்றில் அது 108. நடுத்துளையும் ஃபோர்டில் 63.4 மில்லிமீட்டர், ஸ்விஃப்டில் 54.1 என்பதால், ஸ்விஃப்ட் ரிம் ஃபிகோவின் ஹப்பில், அதாவது சக்கரத்தைப் பொருத்தும் நடுப்பகுதியில், உட்காரவே உட்காராது. வேறு கடைகளில் "நாலு துளைதானே சார், மாட்டிப் பார்க்கலாம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே கடைக்காரர் வண்டியின் மாடலையும் டயர் அளவையும் கேட்டுவிட்டு, ஃபியஸ்டாவில் கழற்றிய 14 அங்குல இரும்பு ரிம்களை மட்டுமே எடுத்துக் காட்டினார்.

அவற்றைச் சோதிக்கவும் தடை சொல்லவில்லை. சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷினில் ரிம்மை மாட்டிச் சுழலவிட்டு, விளிம்பை ஒட்டிச் சாக்பீஸை அசையாமல் பிடித்தார் கடைப் பையன். நேராக இருந்த ரிம்மில் கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது, வளைந்ததில் ஓரிடத்தில் மட்டும் அழுத்தமாகப் பதிந்து மற்ற இடங்களில் விட்டுப்போயிற்று. வெளிப்பக்கத்துப் புது வெள்ளிப் பெயின்டை நம்பாமல் உட்பக்கத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்துப் பாருங்கள். வெல்டிங் வைத்த தடம் அங்கேதான் தெரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளின் ரிம் என்றால், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தை உப்புக்காற்று அரித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். அந்த இடம் சொரசொரப்பாக இருந்தால் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்காது.

ஒரு ரிம்முக்கு 1,100 ரூபாய் கேட்டார்கள், பேரம் பேசி 900 ரூபாய்க்கு வாங்கினேன். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் ஆகியவற்றுக்கும் விலை நியாயமாகவே இருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. பழைய டயர்களைக் கருப்புப் பாலிஷ் போட்டு வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் காட்டும். நான் பார்த்த ஒன்றில் 2315 என்று இருந்தது, அதாவது 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் (சாலையில் படும் பகுதியின் வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் அத்தனை பழைய ரப்பரை வாங்க மாட்டேன். பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் போன்றவற்றையும் இங்கே வாங்க வேண்டாம், அவை புதிதாகவே கிடைக்கின்றன. எலெக்ட்ரிக்கல் சாமான்களுக்கு உத்தரவாதம் கிடையாது. மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் கழற்றியதா என்று கேட்டதற்கும் தெளிவான பதில் வரவில்லை.

பில் கேட்டால் முதலில் துண்டுச் சீட்டுதான் நீட்டுகிறார்கள். வற்புறுத்திக் கேட்டபின் கடை முத்திரையுடன் எழுதிக் கொடுத்தார்கள். திருட்டுச் சாமான் புழங்கும் தொழில் என்பதால் அந்த பில்லை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். டயர் மாட்டிப் பேலன்சிங் செய்யும் வசதி அங்கேயே உண்டு, ஆனால் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டுக்கு ஊருக்குள்தான் வரவேண்டும். வீல் நட்டுகளையும் நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.