சங்கேதத்துறைக் கடற்படை அதிகாரிகள்: ஓர் இணையவழிப் பாடத்தொடர்

அமெரிக்கக் கடற்படையின் சங்கேதவியல் (இரகசியக் குறியீடுகளை அமைப்பதும் உடைப்பதும்), தகவல் போர்ப் பிரிவுகளில் உயர்பதவி எட்டியவர்களின் பணிப்பாதையை விளக்கும் இப்பாடத்தொடரை ஒரே வாரத்தில் முடித்தேன். முதல் பாடம் பதவிப் பெயர்களின் அடுக்கு மட்டுமே, தாண்டிவிடலாம்.

இரண்டாம் பாடத்தில்தான் தொடர் உயிர்பெறுகிறது. 1942இல் ஜப்பானியரின் தந்திகளில் 'ஏ.எஃப்.' என்ற குறி மிட்வே தீவைத்தான் சுட்டுகிறது என்பதை, அங்கே நன்னீர் ஆலை பழுதாகிவிட்டதாகச் சங்கேதமின்றிப் பொய்ச்செய்தி அனுப்ப வைத்து அமெரிக்கக் கடற்படைச் சங்கேத வல்லுநர் ஜோசப் ரோச்ஃபோர்ட்டின் குழு உறுதிசெய்த விதத்தை, ஆசிரியர் நிதானமாக அவிழ்த்துக் காட்டுகிறார். ரோச்ஃபோர்ட்டுக்குரிய பதக்கம் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தது. திறமையும் பதவி உயர்வும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்பது இங்கே புரிகிறது.

மைக்கேல் ரோஜர்ஸ் பற்றிய நான்காம் பாடமும் அருமை: 1981இல் போர்க்கப்பல் அதிகாரியாகத் தொடங்கியவர், 1986இல் சங்கேதத்துறைக்கு மாறி, இணையவெளிப் பணிகளைக் கவனிக்கும் பத்தாம் கடற்படைப் பிரிவுக்குத் தலைமையேற்று, 2014இல் தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநரானார்.

குறை ஒன்றுண்டு. பத்தாம் பிரிவு போன்ற எண்ணிட்ட கடற்படைப் பிரிவு ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணான ஜேன் டைக்கு அரை நிமிடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். வசன வரிகளில் அவர் பெயரும் பிழையாக உள்ளது. விலைக்கு இரண்டாம், நான்காம் பாடங்களே போதும்.