சேலத்தில் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர்

டொராண்டோவிலிருந்து இந்த முறை மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்தபோது, அக்காள் மகன் வாசிக்கட்டும் என்று வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களில் இயங்கும் என்னுடைய பழைய கிடார் ஆம்ப்ளிஃபையரையும் கொண்டுவந்து அஸ்தம்பட்டி வீட்டில் வைத்தேன். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது. 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கணக்கு தவறு என்பது நான்காம் நாள் இரவு வார்னிஷ் கருகிய வாடையால் தெரிந்தது.

ஆம்ப்ளிஃபையருக்குள் வோல்ட்டை ஏற்றியும் இறக்கியும் கொடுக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஏறும் காந்தப் பாயம், வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. கனடாவில் அது 120-ஐ 60-ஆல் வகுக்க 2. இங்கே 110-ஐ 50-ஆல் வகுக்க 2.2. இரவில் வீட்டு மின்சாரம் 245 வோல்ட்டுக்கு ஏறியபோது கன்வெர்ட்டர் 117 கொடுத்தது, விகிதமும் 2.34 ஆயிற்று; இரும்பு தாங்கும் அளவைப் பாயம் மீறியதால் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கருகத் தொடங்கியது. கன்வெர்ட்டர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது என்பதை வெளிநாட்டிலிருந்து இத்தகைய கருவிகளைக் கொண்டுவருவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் கொண்டுபோன கடையில், ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று சொன்னதும், ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பியைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஓரிரு சுற்றுகளோடு நின்றிருக்கக்கூடிய ஷார்ட் அதனால் முழு வைண்டிங்கையும் (கம்பிச் சுருளையும்) எரித்துவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, மின்தேக்கிகளில் தங்கியிருந்த உயர் மின்னழுத்தத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, வால்வுகளைக் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுருள்களான செகண்டரிகளின் கம்பிகள் அனைத்தையும் பிரித்தேன். கன்வெர்ட்டருக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸாகப் போட்டுப் பார்த்தபோது, பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. வெளியே எதுவும் இணைக்காத நிலையில் அப்படி எரிந்தால் பழுது டிரான்ஸ்ஃபார்மருக்குள்தான் இருக்கிறது; கன்வெர்ட்டரைத் தனியே சோதித்ததில் அது நன்றாகவே இருந்தது.

மாற்று டிரான்ஸ்ஃபார்மரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க விடுப்பு போதாது. தறிப் பட்டறைகள் நிறைந்த அம்மாபேட்டையில், மோட்டார் ரீவைண்டிங்கும் ஸ்டெபிலைசர் வேலையும் செய்யும் ஒரு சிறு கடைக்குப் போனேன். கடைக்காரர் எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் வாங்கி, ஸ்டாம்பிங் எனப்படும் இரும்புத் தகடுகளின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்கப்பா காலத்து வால்வு ரேடியோ வேலைங்க சார். எந்தெந்த வைண்டிங்குக்கு எத்தனை வோல்ட்டு, எத்தனை ஆம்ப்ஸுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா சுத்திக் குடுத்துடலாம்” என்றார். நான் கேட்க விரும்பிய சொல் அதுதான்.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு 6வி6, மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) 6.3 வோல்ட்டில் 1.8 ஆம்பியர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், உயர் அழுத்தத்துக்கு 325-0-325 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், உள்ளீட்டுச் சுருளான பிரைமரி நேரடியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இனிக் கன்வெர்ட்டரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். 325-0-325 என்பது மொத்தம் 325 அன்று, நடுமுனையிலிருந்து பக்கத்துக்கு 325 என்பதைப் படம் வரைந்து காட்டினேன். அவர் அதை ஏற்கெனவே அறிந்திருந்தார்.

பழைய ஸ்டாம்பிங்கில் சுருள் ஏறும் நடுக்காலான நாக்கின் அகலம் 32 மில்லிமீட்டர், அடுக்கின் உயரம் 30. அவர் அதே அளவு ஸ்டாம்பிங்கை எடுத்து, அடுக்கை மட்டும் 38 மில்லிமீட்டருக்கு உயர்த்தினார். இதனால் சேஸிஸ் என்ற உலோக அடிச்சட்டத்தில் இருந்த திருகுத் துளைகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை; இரும்பின் பரப்பும் ஏறக்குறைய 12 சதுர சென்டிமீட்டர் ஆயிற்று. இரும்பை அதிகம் வருத்தாமல் வோல்ட்டுக்கு 3.75 சுற்று என்று வைத்து, பிரைமரிக்கு 863 சுற்று, உயர் அழுத்தத்துக்குப் பக்கத்துக்கு 1,280, ஹீட்டருக்கு 25, ரெக்டிஃபையருக்கு 20 என்று கணக்கிட்டோம். செகண்டரிகளில் உள்ள கூடுதல் சுற்றுகள், சுமை ஏறும்போது இறங்கும் வோல்ட்டுக்கு ஈடு. வைண்டிங்குகளுக்கு இடையே மின்காப்புக்கான லெதராய்டு காகிதம், பிரைமரிக்கு மேல் எர்த் செய்யப்பட்ட செப்புத் தகடு ஒரு சுற்று. தகட்டின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும் என்பதால், நடுவே காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு வார்னிஷில் முக்கி, ஓர் இரவு சூட்டில் உலர்த்தினார்.

ஐந்தாம் நாள் கிடைத்தது. கூலியும் பொருளும் சேர்த்து 3,200 ரூபாய். வால்வுகள் இல்லாமல் அளந்தபோது பக்கத்துக்கு 341 வோல்ட், ஹீட்டரில் 6.7. சீரிஸ் பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. வால்வுகளைப் பொருத்தியதும் ஹீட்டர் 6.3-க்கு இறங்கி நின்றது. இரண்டு மணி நேரம் வாசித்த பின்னும் டிரான்ஸ்ஃபார்மர் மீது உள்ளங்கையை வைத்திருக்க முடிந்தது.

சுற்று எண்ணிக்கை எழுதிய தாளைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டேன். வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பானதால் பழைய 2 ஆம்பியர் ஃபியூஸ் இனிப் பொருந்தாது. பின்பக்கத்தில் “230 வோல்ட், 1 ஆம்பியர் ஃபியூஸ் மட்டுமே, கம்பி கட்டக் கூடாது” என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.