கூகிளா, அமேசனா? திருகோணமலையில் இருந்து நேர்முகத்தேர்வுக்கு ஆயத்தமாகும் பட்டதாரிகளுக்கு

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து வெளியேறியவர்களில் சிலர், கூகிளுக்கும் அமேசனுக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே ஆயத்தம் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டிலும் நிரல் எழுதச் சொல்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் கூகிள் முதன்மையாக ஒருவர் சிந்திக்கும் முறையைப் பார்க்கிறது. அமேசனோ அதற்குச் சமமாக அவர் இதுவரை செய்து முடித்ததையும் துருவிக் கேட்கிறது.

கூகிளின் சுற்று ஒன்று ஏறத்தாழ 45 நிமிடம். புதிர்க் கேள்விகளால் பயனில்லை என்று அந்நிறுவனத்தின் ஆளணித் தலைவராக இருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டதால், அவற்றை மனப்பாடம் செய்வது வீண். வரக்கூடிய கேள்வி இந்த வகையானது: படகுகள் துறைக்கு வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் தரப்பட்டால், ஒரே வேளையில் அதிகபட்சம் எத்தனை படகுகள் துறையில் நின்றிருக்கும்? கேட்ட மாத்திரத்தில் எழுதத் தொடங்குபவரை விட, ஒரு படகு புறப்படும் அதே கணத்தில் இன்னொன்று வந்தால் அதை எப்படிக் கணக்கெடுப்பது என்று முதலில் கேட்பவருக்கே மதிப்பு. ஒவ்வொரு படகையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் மெதுவான வழியைச் சொல்லி, பின்னர் நேரங்களை வரிசைப்படுத்தி ஒரே தடவையில் எண்ணி முடிக்கும் வழிக்கு வந்து, அந்த மாற்றத்துக்கான காரணத்தையும் வாய்விட்டு விளக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்காக ஆண்டுக்கணக்கில் மௌனமாக விடை எழுதிப் பழகிய நமது மாணவர்களுக்குக் கணக்கை விட இந்தப் பேச்சுத்தான் கடினம்.

அமேசனில் தடுமாற்றம் வேறிடத்தில் வருகிறது. 2021இல் இரண்டு சேர்க்கப்பட்ட பின் அங்கு ஊழியர் எப்படிச் சிந்தித்துச் செயற்பட வேண்டும் என்று வகுத்திருக்கும் தலைமைத்துவக் கோட்பாடுகள் மொத்தம் 16. நேர்காண்பவர்கள் அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, சூழ்நிலை, பொறுப்பு, செய்த செயல், விளைவு என்ற ஒழுங்கில் பழைய அனுபவங்களைக் கேட்பார்கள். மீனவர் சங்கமொன்றின் பதிவேட்டைக் கணினிமயப்படுத்திய இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைப் பற்றிக் கேட்டால், "நாங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்தோம்" என்பது நம்மவரின் இயல்பான விடை. அடக்கம் நல்லதுதான், ஆனால் இங்கே அதற்குப் புள்ளி கிடையாது. ஒரே படகு இரண்டு பெயர்களில் பதிவாகியிருந்ததைத் தாம் கண்டுபிடித்து, பெயருக்குப் பதிலாகப் பதிவிலக்கத்தை அடையாளமாக்கியதையும், அதற்கு உடன்படாத சக மாணவரை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதையும் விண்ணப்பதாரி சொல்லியாக வேண்டும். அதன் பிறகும் கேள்விகள் ஓயா: வேறு வழி இருந்ததா, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? இட்டுக்கட்டிய கதை இரண்டாவது கேள்விக்கே தாங்காது.

முடிவெடுக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. கூகிளில் நேர்கண்டவர்களின் குறிப்புகளை, விண்ணப்பதாரியைச் சந்தித்திராத ஒரு குழு வாசித்துப் பரிசீலிக்கும் நடைமுறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆகவே விளக்கிச் சொல்லாத எண்ணம் குறிப்பில் ஏறாது. குறிப்பில் இல்லாததைக் குழுவும் அறியாது. அமேசனில், ஆள் தேடும் பிரிவுக்கு வெளியே இருந்து 'பார் ரெய்சர்' எனப்படும் ஒருவர் அமர்வார். வெற்றிடத்தை அவசரமாக நிரப்ப விரும்பும் முகாமையாளரை அவர் தடுக்க முடியும் என்பதால், முகாமையாளரின் புன்னகையை மட்டும் வைத்து வேலை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

புதிதாகப் பட்டம் பெற்று, சொல்லிக்கொள்ள ஒரு செயற்றிட்டம் மட்டுமே உள்ளவர் கூகிளை முதலில் முயல்வதே நல்லது என்பது என் கணிப்பு. சில ஆண்டுகள் வேலை செய்து, பழுதான மென்பொருளை நள்ளிரவில் சீர்செய்த கதைகள் கைவசம் உள்ளவருக்கு அமேசன் பொருந்தும். பெங்களூரில் இருந்து நேர்காண்பவருக்கும் நமக்கும் நேரம் ஒன்றே. அமேசனின் தலைமையகம் உள்ள சியாட்டிலில் கோடைகாலக் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9.30, மின்தடைக்கு மாற்று ஏற்பாட்டை அன்று மாலையே பார்த்து வைக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் கூகிள் சற்றுப் பின்தங்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் உதவியோடு விடை சொல்வது பெருகியதால், குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்தப்போவதாக அதன் தலைமை நிறைவேற்று அதிகாரி சுந்தர் பிச்சை 2025இல் கூறினார். திருகோணமலையில் இருந்து அதற்குப் போவதென்றால் இரவு ரயிலில் கொழும்பு, அங்கிருந்து கட்டுநாயக்கா, பிறகு விமானம். பயணச் செலவு யாருடையது, விசாவுக்கு எவ்வளவு அவகாசம் தருவார்கள் என்பதை ஆட்சேர்ப்பு அலுவலரின் முதல் அழைப்பிலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்.