பீட்டுக்குப் பதில் எது: காளான் கழிவு உரமா, தென்னை நார்க்கழிவா?

தொட்டியிலும் நாற்றுத் தட்டிலும் நிரப்பும் பீட்டை, அதாவது சதுப்பு நிலத்தில் செடிகள் பாதி மக்கிப் படிந்த கரிய பொருளை, கைவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சதுப்பு நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் பீட் சேரவே ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. ஒரு பருவத் தக்காளிக்காக அதை வெட்டியெடுப்பது நியாயமில்லை. சரி, அந்த இடத்தில் எதை வைப்பது?

நார்க்கழிவு தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், காய்ந்துபோனாலும் சுலபமாக மறுபடி நனையும். பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை இருப்பதால் காய்கறிகளுக்குத் தோதானது. ஆனால் சாம்பல் சத்தை (பொட்டாசியம்) தவிர அதில் சொல்லிக்கொள்ளும்படி சத்து கிடையாது. கழுவாத சரக்கு என்றால் சோடியமும் குளோரைடும் கூடவே வரும்.

மொட்டுக் காளான் அறுவடை முடிந்து வெளியே கொட்டும் கழிவோ, வைக்கோல், கோழி எரு அல்லது குதிரை லத்தி, ஜிப்சம் எல்லாம் சேர்ந்து மக்கியது. தழைச்சத்தும் கால்சியமும் தாராளமாக உண்டு. சிக்கல் உப்பில்தான். புதுக் கழிவில் ஈ.சி. அளவு (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன்) நாற்றுகள் தாங்குவதைப் போலப் பல மடங்கு இருக்கும். அதை அப்படியே நிரப்பிய தொட்டி காய்ந்தால் மேலே வெள்ளையாகப் படியும். பீன்ஸ் நாற்றின் இலை ஓரம் முதலில் பழுப்பாகிக் கருகும். தண்ணீர் விட்டு அலசினால் உப்பு இறங்கும், ஆனால் அந்த உப்பில் பெரும்பகுதி பொட்டாசியமும் கால்சியமும்தான். அதனால் அலசிய தண்ணீரை வீணாக்காமல் வேறு பாத்திக்கு விடலாம். சில மாதம் மழையில் கிடக்க விடுவதும் ஒரு வழி, ஆனால் வழிகிற நீர் கிணறு, ஓடைப் பக்கம் போகக் கூடாது.

ஆக, இவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதை நான் ஏற்கவில்லை. நார்க்கழிவு வேருக்கு இடம் தருகிறது, காளான் கழிவு தீனி போடுகிறது. குழித்தட்டு நாற்றுக்கு நார்க்கழிவே பிரதானமாக இருக்கட்டும்; உப்பு இறங்கிய காளான் கழிவு பத்தில் ஒரு பங்கு போதும். தக்காளி, முட்டைக்கோஸ் தொட்டிக்குக் கால் பங்கு வரை போகலாம். பீட்ரூட் உப்பைத் தாங்கும், இன்னும் கொஞ்சம் கூட்டலாம். பீன்ஸ், கேரட், வெங்காயத்துக்குக் கையை இறுக்கிப் பிடியுங்கள்.

சிப்பிக் காளான் கழிவு தனி ரகம். உப்பு குறைவு, ஆனால் பாதி மக்கிய வைக்கோல்தான் அது. மண்ணில் உள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். தனியாக மக்க வைத்து அப்புறம்தான் கலக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விற்பவரிடம் கேட்காமல் விடாதீர்கள். மொட்டுக் காளான் படுக்கைமேல் போடும் கேசிங் மண் பல நாடுகளில் பீட்தான். கழிவை அள்ளும்போது கருப்பாக, பஞ்சு போல வரும் கட்டிகள் அதுவாக இருக்கலாம். ஏற்கெனவே ஒரு வேலைக்குப் பயன்பட்ட பீட்டை மறுபடி பயன்படுத்துவது எனக்குச் சரி என்றே படுகிறது. ஆனால் அந்த மூட்டையில் ‘பீட் இல்லாதது’ என்று அச்சடித்து விற்பது சரியில்லை.