பல் கிளினிக்குக்கு வெளிவாய் சக்‌ஷன் மெஷின்: வாங்கும் முன்

பல்லில் படிந்த காறையை நீக்கும் ஸ்கேலிங்கில் எழும் நுண்துளிகளைப் பிடிக்க நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தும் மெஷின் இது. இதன் ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் தரம். கைக்குழாய் வளைத்த இடத்திலேயே நிற்கிறது, தொங்குவதில்லை; பெரிய நிம்மதி. புனலை நோயாளியின் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள், தள்ளிப்போனால் இழுவை மளமளவென்று குறையும். டிஷ்யூ பேப்பரைப் புனலில் காட்டினால் சட்டென்று ஒட்ட வேண்டும். தொளதொளவென ஆடினால் முன்ஃபில்டர் அடைத்திருக்கிறது. பனியன் கம்பெனிகள் சூழ்ந்த திருப்பூரில் பஞ்சுத் தூசியும் சேரும், அதனால் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். கையுறை, என்95 மாஸ்க் கட்டாயம். ஃபில்டரைத் தட்டி உதறவே கூடாது.

"கெமிக்கல் வாசமும் போயிருமுங்க" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும். கருவிகளைக் கிருமி நீக்க ஊறவைக்கும் 2 சதவீத குளூட்டரால்டிஹைட் கரைசலின் ஆவியும், செயற்கைப் பல் செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் மோனோமர் திரவத்தின் ஆவியும் அதைத் தாண்டி அப்படியே வெளியே வரும். ஆவியை உறிஞ்ச வேண்டிய கரி அடுக்கோ இதில் ஒரு விரற்கடை கனம்கூட இல்லை. குளூட்டரால்டிஹைட் தட்டை மூடியே வைத்து, அந்த அறைக்குத் தனியாக எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும். வாய்க்குள் வைக்கும் சக்‌ஷனையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும்.