மெக்சிகோ கடற்கரையில பழைய வில்லா வாடகைக்குத் தேடுறவங்க படிங்க: 2,400 டாலர் போச்சு

வயிறு எரியுது. புவேர்ட்டோ வயார்ட்டாவுல ஒரு ஹோட்டல் ரூம்ல உட்கார்ந்து எழுதுறேன். இந்த ரூமுக்குத் தனிக் காசு. கட்டின 2,400 டாலர் போனது போனதுதான். ஏமாறாம இருக்க என்ன செய்யணும்னு கடைசியில சுருக்கமா சொல்றேன்.

இங்க குவாலே ஆத்தை ஒட்டின மலைச்சரிவுக்கு கிரிங்கோ கல்ச்னு பேரு. 1963-ல படப்பிடிப்புக்கு வந்த ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனும், கூட வந்த நடிகை எலிசபெத் டெய்லரும் பிறகு வீடு வாங்கினது அங்கதான். தெருவுக்கு மேல பாலம் போட்டு ரெண்டு வீட்டைச் சேர்த்தாங்களே, அந்த இடம். அதே சரிவுல அந்தக் காலத்து வில்லான்னு ஒரு ஆன்லைன் வாடகைத் தளத்துல விளம்பரம். வளைவு வாசல், ஓட்டுக்கூரை, எதிர்ல விரிகுடா.

"தளத்துக்கு வெளிய கட்டுங்க, கமிஷன் மிச்சம்"னான் விளம்பரம் போட்டவன். தயங்கினோம். உடனே வீடியோ கால்ல வந்துட்டான். மாடியில நடந்துகிட்டே குவாதலூப்பே மாதா கோயில் கோபுரத்து உச்சியில இருக்கிற கிரீடத்தைக் காட்டினான். அந்த நேரம் பார்த்து மணி வேற அடிச்சுது. "கேக்குதா?"ன்னு ஒரு சிரிப்பு. வீட்டுக்குள்ள நின்னு பேசுறவனை யாருங்க சந்தேகப்படுவாங்க? 2,400 டாலரும் அன்னைக்கே அனுப்பினோம்.

வந்து பார்த்தா, டாக்ஸி பாதிக்கு மேல ஏறலை. கூழாங்கல் பாவின ரோட்டுல பெட்டிச் சக்கரம் ஒண்ணு கழண்டே போச்சு. கதவைத் திறந்த அம்மா கையில ஈர மாப்போட எங்களையும் பெட்டிகளையும் பார்த்துட்டுத் தலையை ஆட்டினாங்க. பெட்டி தூக்கி வந்த டிரைவர்தான் கேட்டுச் சொன்னார்: ஓனர் இந்த மாசம் வாடகைக்கே விடலையாம், எங்களுக்கு முன்னாடியே ஒரு குடும்பம் இப்படி வந்து நின்னுதாம்!

அவனுக்கு வாட்ஸ்அப் பண்ணினா ரெண்டு டிக், அப்புறம் டிபியே காணோம். தளத்துக்காரங்க "வெளிய கட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லை"ங்கிறாங்க. விளம்பரம் யார் தளத்துல இருந்துச்சு? அவன் முதல்ல பேசினது யார் இன்பாக்ஸ்ல? அதுக்கும் அதே பதிலைத்தான் ஒட்டி அனுப்புறாங்க. பேங்க்ல "நீங்களேதானே சார் அனுப்பினீங்க". 2,400 டாலர்ங்க, சும்மாவா!

டிப்ஸ் நீளமா எழுத இப்ப மனசு இல்லை, இது மட்டும்: தளத்துக்கு வெளிய ஒரு பைசா கட்டாதீங்க. கிரெடிட் கார்டு வேண்டாம்னு சொன்னா அப்பவே ஓடிடுங்க. வீடியோ காலை நம்பாதீங்க, ரெண்டு நாள் வாடகைக்குத் தங்கினவனும் வீட்டைச் சுத்திக் காட்டலாம்.

இப்பவும் பார்த்தேன், அந்த விளம்பரம் அப்படியேதான் இருக்கு. விலையை வேற குறைச்சிருக்கான்.