பழைய மடிக்கணினிக்கு உபுண்டுவா, மின்டா?

விண்டோஸ் 10இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மடிக்கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதியதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். விசைகள் தேயாத, திரை மங்காத கணினியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

எனவே விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களை, உபுண்டு 24.04ஐயும் லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பையும், தரவிறக்கினேன். முன்னது ஏறத்தாழ 6 ஜிபி, பின்னது 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. டேட்டாவை அளந்து செலவழிக்கும் வீட்டில் இது சிறிய வேறுபாடு அல்ல. வென்டாய் என்ற கருவியால் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றிலேயே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். நிறுவும் பொத்தானை அழுத்தாதவரை வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நிறுவிய பின் நினைவகத்தைப் பார்த்தேன். எதையும் திறக்காத நிலையிலேயே உபுண்டு ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டது. மின்ட் ஒரு ஜிபியைத் தொடவில்லை. உலாவியில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்தவுடன் அந்த இடைவெளி கைக்குத் தெரிந்தது. 8 ஜிபி உள்ளவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மெனு கீழே இடப்பக்க மூலையில் இருப்பதால் விண்டோஸில் பழகியவர் மின்டில் தடுமாற மாட்டார். உபுண்டுவின் இடப்பக்கப் பட்டைக்குப் பழக எங்கள் வீட்டில் நான்கு நாள் எடுத்தது.

தமிழ் எழுதுவதில் உபுண்டுதான் முந்துகிறது. பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் என்ற கருவி அதன் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதியை மட்டும் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் (ஆங்கில எழுத்துகளின் ஒலிப்படி தட்டுவது), இலங்கையின் ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகைகள் பட்டியலில் வந்துவிடும். மகளின் சிங்களப் பாடத்துக்கான விஜேசேகர விசைப்பலகையும் அங்கேயே கிடைத்தது. மின்டிலும் இவை அனைத்தும் உண்டு. ஆனால் உள்ளீட்டு முறை என்ற தனிக் கருவியைத் திறந்து, ஐபஸைத் தெரிவு செய்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனாலும் யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும்.

அப்பாவின் கோப்புகள் வேறு விதமான சோதனை. 1998 முதல் அவர் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய எழுத்துருவில், தட்டிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் முதல் கடிதத்தைத் திறந்தபோது 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. அவர் முகம் வாடிவிட்டது. பழைய வன்தட்டில் இருந்த பாமினி எழுத்துருவை இரட்டைச் சொடுக்கில் நிறுவி மீண்டும் திறந்தேன். அம்மா திரும்பி வந்தாள். இதில் இரண்டு இயங்குதளங்களும் சமம். பாமினியை ஒத்த ரெங்கநாதன் விசைப்பலகையிலும் அவர் விரல்கள் தடுமாறவில்லை.

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்ற இயங்குதளத்தையும் ஒரு மாலை ஓட்டினேன். வேகமானது, எளிமையானது. ஆனால் ஆண்ட்ராய்டு கைபேசிச் செயலிகள் அதில் ஓடாது. இணையம் போனால் செய்வதற்கு அதிகம் இருக்காது. இணையத்தைத் தவிர வேறொன்றும் தேவைப்படாத வீட்டுக்குப் பொருந்தும்.

எங்கள் கணினியில் மின்ட் தங்கிவிட்டது. தமிழை அமைக்கும் சிரமம் ஒருமுறையோடு போய்விடும். நினைவகப் பற்றாக்குறை நாள்தோறும் வந்து நிற்கும். 8 ஜிபி இருந்திருந்தால் உபுண்டுவையே வைத்திருப்பேன். இரண்டுக்கும் 2029 வரை புதுப்பிப்புகள் வரும். அப்பா இப்போது தமது கடிதங்களை ஒவ்வொன்றாக, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யுனிகோடில் தட்டிக்கொண்டிருக்கிறார். நேற்றிரவு 2004ஆம் ஆண்டுக்கு வந்துவிட்டார்.